ஸ்டாண்ட்பை புதிய டிஸ்க் குரூப்பை ஏற்க மறுக்கிறது, அவசரம்

கெடிலக்கரை: ஆரக்கிள் டேட்டாபேஸ். பிரைமரி (அசல்) புதுச்சேரியில், ஸ்டாண்ட்பை (அதன் மாற்றுப் பிரதி) கடலூரில். கடலூரில் ஒரு டிஸ்க் குரூப் (டேட்டாபேஸ் கோப்புகளுக்கான வட்டுத் தொகுப்பு) சேர்த்தோம். ஸ்டாண்ட்பை அதைத் தொட்டாலே ஓ.ஆர்.ஏ-15204 பிழை வருகிறது. புதுச்சேரியில் எல்லாம் சரியாக இருக்கிறது. என்ன செய்வது?

முத்தியால்பேட்டை: எந்தப் பதிப்பு? கம்பாட்டிபிள் (எந்தப் பதிப்போடு ஒத்துப்போக வேண்டும் என்ற அமைப்பு) எவ்வளவு? பிழை எண்ணை மட்டும் கொடுத்தால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

உப்பளம்: இரண்டு ஊரையும் இணைக்கும் லைன் கோளாறு. அந்தத் தடத்தில் சாலை தோண்டினாலே இப்படித்தான்.

பழைய டிபிஏ: லைனுக்கும் 15204-க்கும் என்ன சம்பந்தம்? பிழை விளக்கத்தைப் படிக்கும் பழக்கமே போய்விட்டது. டேட்டாபேஸின் கம்பாட்டிபிள், டிஸ்க் குரூப்பின் கம்பாட்டிபிள்.ஆர்டிபிஎம்எஸ் (அந்தக் குரூப்பைப் பயன்படுத்த டேட்டாபேஸுக்கு வேண்டிய குறைந்தபட்ச கம்பாட்டிபிள்) அளவுக்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். டிஸ்க் குரூப் அமைப்புகள் ரெடோவில் (பிரைமரி ஸ்டாண்ட்பைக்கு அனுப்பும் மாற்றப் பதிவில்) பயணிக்காது, ஒவ்வொரு ஊரிலும் தனியாக வைக்க வேண்டும். வி$ஏஎஸ்எம்_டிஸ்க்குரூப் என்ற பட்டியலில் டேட்டாபேஸ்_கம்பாட்டிபிலிட்டியைப் பார்த்து இங்கே போடுங்கள்.

கெடிலக்கரை: 19சி. பழைய குரூப்பில் 12.1.0.0.0, புதியதில் 19.0.0.0.0. டேட்டாபேஸ் கம்பாட்டிபிள் 12.2.0, அப்கிரேடுக்குப் பிறகு யாரும் தொடவில்லை.

உப்பளம்: அப்படியானால் 19-ஐக் குறைத்துவிடுங்கள்.

பழைய டிபிஏ: குறைக்க முடியாது ஐயா! ஏற்றினால் ஏற்றியதுதான். குரூப் காலியாக இருந்தால் அழித்துவிட்டு 12.1 என்று குறிப்பிட்டு மறுபடி உருவாக்குங்கள்.

முத்தியால்பேட்டை: டேட்டாபேஸையே 19.0.0-க்கு உயர்த்தலாமே?

பழைய டிபிஏ: உயர்த்தலாம். ஸ்டாண்ட்பை முதலில், பிரைமரி பிறகு. இரண்டுக்கும் ரீஸ்டார்ட் உண்டு. வரிசை மாறினால் ஸ்டாண்ட்பையில் ரெடோ அப்ளை (மாற்றங்களை ஏற்றுவது) நின்றுவிடும். இதற்கும் திரும்பும் வழி கிடையாது. கியாரண்டீட் ரீஸ்டோர் பாயிண்ட் (டேட்டாபேஸை முந்தைய நிலைக்கு உறுதியாகத் திருப்ப வைக்கும் குறி) ஏதாவது விட்டுவைத்திருந்தால் 38880 பிழை வந்து மறிக்கும்.

அரியாங்குப்பம்: அது கிடக்கட்டும். புதுச்சேரிக்கு மாற்றுத் தளம் கடலூரா? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது. ஒரே காற்றில் இரண்டும் படுத்துவிடும்.

முத்தியால்பேட்டை: பக்கத்தில் இருந்தால்தான் சிங்க் முறையில் (ஸ்டாண்ட்பையின் பதிலுக்குக் காத்திருந்து) ரெடோ அனுப்பும்போது கமிட் (பரிவர்த்தனையை உறுதிசெய்வது) தாமதிக்காது. திருச்சியில் வைத்தால் கவுண்டரில் நிற்பவர் திட்டுவார்.

அரியாங்குப்பம்: மின்சாரமே இல்லாத ஊரில் கவுண்டர் எங்கே திறந்திருக்கும்? 2024 ஃபெஞ்சலில் நாங்கள் பட்டது போதும். திருச்சியில் இன்னொரு ஸ்டாண்ட்பை வேண்டும், பதிலுக்குக் காத்திருக்காத ஏசிங்க் முறையில். நிர்வாகத்துக்குச் செலவுக் கணக்கு மட்டும்தான் கண்ணில் படுகிறது.

உப்பளம்: ஃபெஞ்சலிலும் முதலில் போனது லைன்தான்.

கெடிலக்கரை: குரூப் காலிதான். 12.1 கொடுத்து மறுபடி உருவாக்கினோம், ஏற்றுக்கொண்டது. நன்றி.

பழைய டிபிஏ: குறிப்பிடாமல் விட்டால் 10.1 தானே வரும். 19 என்று கையால் போட்டது யார்? அதே ஸ்கிரிப்டைப் புதுச்சேரியிலும் ஓட்டப் போகிறீர்களா?

முத்தியால்பேட்டை: ஆள் கிளம்பிவிட்டார்.