மலைச் சரிவில் குவாட் பைக்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

தேனிக்காரர்:
கொடைக்கானல் மலையில் மன்னவனூர் பக்கம் குவாட் பைக்கில், அதாவது கைப்பிடி வைத்த நான்கு சக்கர வண்டியில், போனவர்கள் சொல்லுங்கள். புறப்படும் முன், என்ஜினைச் சட்டென்று நிறுத்தும் அந்தச் சிவப்புப் பொத்தானை உங்களுக்குக் காட்டினார்களா? எங்களுக்குக் காட்டவில்லை. செம்மண் தடம், பைன் காடு எல்லாம் நன்றாகவே போயிற்று. கல் சரிவில் இறங்கும்போது முன்னால் போன வழிகாட்டி கையை உயர்த்தினார். வளைவில் ஒற்றைக் காட்டுமாடு வழிமறித்து நின்றது. நாங்கள் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தோம். என் மகளின் வண்டி மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. பயத்தில் பிரேக்கை இறுக்கியவளின் வலது கட்டைவிரல் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தது. மாடு தலையைத் தாழ்த்தியது. வழிகாட்டி ஓடவில்லை. மாட்டுக்கு முதுகு காட்டாமல் அடி அடியாகப் பின்னால் நகர்ந்து வந்து, இடக்கைப் பிடியருகே இருந்த பொத்தானை அமுக்கினார். "ஒன்றுமில்லை அம்மா" என்று சொல்லிக்கொண்டே அவள் விரலைப் பிரித்தெடுத்தார். மாடு சோலைக்குள் இறங்கிப் போய்விட்டது. அந்த உறுமல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கூக்கால் மருமகள்:
ஐயா, உங்கள் மகள் பத்திரமாகத் திரும்பியது நிம்மதி. ஆனால் மாடு வழிமறித்தது என்று எழுதாதீர்கள். அது அதன் மேய்ச்சல் வழி. எங்கள் ஊருக்கு மேலே உள்ள புல்வெளியில் ஒரு விடுமுறை வாரம் இப்படி ஒரு கூட்டம் தடத்தை விட்டு விலகி ஓட்டியது. அங்கே புல்லுக்கு அடியில் சதுப்பு இருக்கிறது. மழைநீரைப் பிடித்துவைத்து, கோடையிலும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அதுதான். மறுநாள் காலை என் மாமியார் வாய்க்காலில் குடத்தை முக்கினார். வந்தது கருஞ்சேறு. குடத்தைக் கவிழ்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பூண்டுக்குப் பாய்வதும் அதே தண்ணீர்தான். 2018இல் குறிஞ்சி பூத்த சரிவு அது. அந்த விதையில் முளைத்து 2030இல் பூக்க வேண்டிய செடிகள் சக்கரத்தில் நசுங்கிக் கிடக்கின்றன. விலகி ஓட்ட வழிகாட்டியே இடம் கொடுத்தார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

குன்னூர் மெக்கானிக்:
சகோதரி, உங்கள் கோபம் நியாயம். அதற்காக எல்லா வழிகாட்டிகளையும் குற்றம் சொல்லாதீர்கள். தடம் மாறிய விருந்தினரை அங்கேயே இறக்கி, நடக்கவைத்துத் திருப்பி அனுப்பியவரை எனக்குத் தெரியும்.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் மச்சான் வளைவில் காலைத் தரையில் ஊன்றினார். பின்சக்கரம் குதிகாலில் ஏறியது. ஷூ கிழிந்த சத்தம் எனக்கே கேட்டது.

இனிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் ஓட்டிய தைரியம் இதில் உதவாது. இந்த வண்டிகள் பலவற்றில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்தே சுழலும். அதனால் கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்து, உடலை வளைவின் உட்பக்கம் சாய்க்க வேண்டும். ஏற்றத்தில் முன்னால் குனியுங்கள், இறக்கத்தில் பின்னால் தள்ளி உட்காருங்கள். சரிவைக் குறுக்காகக் கடக்கும்போதுதான் கவிழும் ஆபத்து அதிகம். கால் எந்த நேரமும் மிதியில் இருக்கட்டும். ஒருவருக்கான வண்டியில் குழந்தையைப் பின்னால் ஏற்றவே ஏற்றாதீர்கள். டயர் தொளதொளவென்று இருக்கிறதே என்று காற்று அடிக்கச் சொல்லாதீர்கள். கார் டயரில் உள்ள அழுத்தத்தில் பாதிகூட இதற்கு ஆகாது. பிறகு, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, நடைமுறை இருக்கிறது. கொடைக்கானல் பக்கம் பேரிஜம் ஏரிக்குப் போவதென்றால் வனத்துறை அனுமதி தனி.

தேனிக்காரர்:
நன்றி. ஆனால் நான் கேட்டது பொத்தானைப் பற்றி. அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கூடலூர் ஆசிரியை:
எங்களுக்குக் காட்டினார்கள். ஒவ்வொருவரையும் அமுக்கவைத்துப் பார்த்த பிறகே வண்டியை நகர்த்த விட்டார்கள். என் மகன் ஓட்டிய சிறுவர் வண்டியின் பின்புறம் ஒரு கயிறும் இருந்தது. அதை இழுத்தால் என்ஜின் நின்றுவிடும். வழிகாட்டி அதைப் பிடித்தபடியே பின்னால் நடந்தார். பையன் நேராக வடிகாலை நோக்கிப் போனபோது அவர் ஒரே இழுப்பு இழுத்தார். முன்சக்கரம் விளிம்பில் நின்றது. உங்கள் மகள் ஓட்டியது பெரிய வண்டியா? அதில் அப்படிக் கயிறு ஏதும் இருந்ததா?