விரைவீக்கமா, விரைப்பை வீக்கமா?

மொழிபெயர்ப்பாளர், பாளையங்கோட்டை:
கிராம சுகாதாரச் செவிலியர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆண் குழந்தைகளுக்கு விரைப்பையில் வலியில்லாமல் வரும் வீக்கம் பற்றிய பக்கம் மட்டும் பாக்கி. தலைப்பு 'வலியற்ற விரைவீக்கம்' என்று வைத்திருக்கிறேன். அங்கே நீர் சேரும் ஹைட்ரோசிலுக்கு 'ஓதம்', டார்ச் வைத்துப் பார்ப்பதற்கு 'ஒளி ஊடுருவல் சோதனை'. சரிதானா?

தமிழாசிரியர், அம்பாசமுத்திரம்:
'விரைவீக்கம்' வேண்டாம். விரையின்கண் வீக்கம் என்று நீங்கள் விரிக்கிறீர்கள். வினைத்தொகையாகப் படிப்பவருக்கு அது விரைந்த, விரைகின்ற, விரையும் வீக்கம். 'விரைப்பை வீக்கம்' என்றால் அந்தச் சிக்கல் இல்லை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. நடுவில் நிற்கும் 'ப்' காவல். நம் பக்கத்தில் நெல்விதையும் விரைதான், மலரின் மணமும் விரைதான். கோட்டை விரைப்பாடு என்று வயலை அளந்த ஊர் இது. இந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள்.

குழந்தை அறுவை மருத்துவர், திருநெல்வேலி:
ஐயா சொன்ன குழப்பம் ஆபத்தானதும்கூட. திடீரென வீங்கி வலித்தால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தால்தான் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். இந்தப் பக்கம் அதற்கு நேர்மாறானது.

'ஓதம்' வேண்டவே வேண்டாம். ஊரில் நீர் கோத்தாலும் ஓதம், குடல் இறங்கினாலும் ஓதம், யானைக்கால் கிருமியால் பெரியவர்களுக்கு வருவதும் ஓதம். குழந்தைக்கு நீர் சேர்வது, வயிற்றறையிலிருந்து விரைப்பைக்கு இறங்கும் பாதை பிறந்தபின்னும் மூடாததால். காலையில் சிறுத்து, ஓடியாடிய பிறகு சாயங்காலம் பருக்கும். பெரும்பாலும் 1–2 வயதுக்குள் தானே வற்றிவிடும். அதே பாதையில் குடல் இறங்கினால் காத்திருக்க முடியாது, சிக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் 'தானா சரியாயிரும்' என்று குடலிறக்கத்தையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தமிழாசிரியர்:
அப்படியானால் 'நீர்விரை'. 'நீர்க்கட்டு' என்றால் சிறுநீர் அடைப்பு, 'நீர்க்கோவை' தலையில் கோப்பது, 'நீர்க்கட்டி' வேறு நோய்.

செவிலியர், வள்ளியூர்:
ஐயா, நீர்விரை என்றால் தாய்மார் முழிப்பார்கள். 'விரைப்பையில் நீர் கோத்திருக்கு' என்றால் உடனே புரியும். ஊடுருவல் என்றாலோ எல்லைக்குள் புகுந்தவன் ஞாபகம்தான் வரும். நாங்கள் டார்ச் அடித்துப் பார்க்கிறது என்றுதான் சொல்கிறோம்.

மருத்துவர்:
எந்தப் பெயர் வைத்தாலும் செய்முறை தெளிவாக வரட்டும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை விரைப்பையின் பின்புறம் தோலோடு ஒட்டிவைக்க வேண்டும். நீரானால் சிவப்பாக ஒளிரும். விரை நிழலாகத் தெரியும். இதை மட்டும் நம்பக் கூடாது, கைக்குழந்தையின் குடல் சுவர் மெல்லியது, அதுவும் ஒளிரும். வீக்கத்துக்கு மேலே இரு விரலால் பிடித்துப் பாருங்கள்: விரல் கூடினால் நீர், கூடாமல் வீக்கம் கவட்டைக்குள் ஏறினால் குடல். ஒளிராமல் கல்போல் கெட்டியாக இருந்தால் கட்டி என்று எண்ணி அந்த வாரமே ஸ்கேன். ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் (சிலவகைக் கட்டிகளில் கூடும் புரதம்) ரத்தப் பரிசோதனையும் வேண்டும். கைக்குழந்தைக்கு முதல் சில மாதங்கள் அது இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பதையும் சேருங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
தலைப்பு 'வலியற்ற விரைப்பை வீக்கம்'. உள்ளே 'நீர்விரை', முதல் இடத்தில் மட்டும் பிறைக்குறிக்குள் ஹைட்ரோசில். தாய்மாரிடம் சொல்லும் வாசகம் வள்ளியூர் அக்கா சொன்னது. 'டார்ச் சோதனை' அப்படியே போகிறது.

தமிழாசிரியர்:
டார்ச்சுக்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது. 'ஒளியூடு சோதனை' என்று அடுத்த பதிப்பில் மறுபடியும் கேட்பேன்.

மருத்துவர்:
கேளுங்கள் அண்ணாச்சி. 'ஊசி குத்தி நீர் எடுக்கக் கூடாது' என்ற வரியை மட்டும் இப்போதே கட்டம் கட்டிப் போட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது கட்டியானால் ஊசி போன வழியே பரவும்.