முதுகலை ஆய்வேடு: குறிப்புகள் குவிகின்றன, எழுத்து நகரவில்லை

ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரிப் பராமரிப்பு என்பது என் ஆய்வேட்டுத் தலைப்பு. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒப்படைக்க வேண்டும். இப்போது நவம்பர் முடியப்போகிறது. பகலில் வகுப்பு, மாலை ஆறு மணி முதல் ஒன்பது வரை டியூஷன் சென்டரில் பாடம் நடத்துகிறேன். பல்லவர் காலம், சோழர் நிருவாகம், பாசனம் என்று படித்துப் படித்து மூன்று குறிப்பேடுகள் நிறைந்துவிட்டன. ஆனால் முன்னுரையை நான்கு முறை எழுதி நான்கு முறையும் அழித்துவிட்டேன். காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்பதால், மூன்று வாரமாக நெறியாளரின் அறை இருக்கும் பக்கமே போகாமல் பின்பக்கப் படிக்கட்டில் ஏறி இறங்குகிறேன். முடித்தவர்கள் எப்படி முடித்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓலைநறுக்கு எழுதியது:

முன்னுரையை மூடி வைத்துவிடுங்கள். அது கடைசியில் எழுத வேண்டியது. என்ன கண்டுபிடித்தோம் என்று தெரியாமல் அதை அறிமுகம் செய்ய முயல்வதால்தான் நான்கு முறை அழித்திருக்கிறீர்கள்.

உங்கள் தலைப்புக்குள் ஒரு கேள்வி இருக்க வேண்டும். சோழ மன்னன் முதற் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது கி.பி. 921ஆம் ஆண்டுக்குரியது, ஊரின் 30 குடும்புகளிலிருந்து (பிரிவுகளிலிருந்து) குடவோலை வழியாகத் தேர்ந்தவர்களில் 12 பேரைச் சம்வத்சர வாரியத்துக்கும் (ஆண்டுக் குழுவுக்கும்), 12 பேரைத் தோட்ட வாரியத்துக்கும், எஞ்சிய 6 பேரை ஏரி வாரியத்துக்கும் ஒதுக்குகிறது. இதுவரை எல்லாரும் எழுதிவிட்டார்கள். அந்த ஆறு பேர் ஓராண்டில் உண்மையில் என்ன செய்தார்கள், எந்தப் பொன்னை, எந்த நிலத்தின் வருவாயைக் கையாண்டார்கள் என்று பிற கல்வெட்டுகளிலிருந்து காட்டினால் அது உங்களுடையது. வைரமேக தடாகம் என்ற உத்திரமேரூர் ஏரியில் தூர் எடுக்க விடப்பட்ட கொடைகளிலிருந்து தொடங்கலாம்.

செய்யும் முறை எளிது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஆறாம் தொகுதியைத் திறந்து, ஏரி குறித்து வரும் கல்வெட்டுக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே எண், அரசன், ஆட்சியாண்டு. நடுவில் தேவையான வரிகள் வரியெண்ணுடன். கீழே, இது எதைச் சொல்கிறது என்று உங்கள் சொந்த நடையில் ஐந்து வாக்கியங்கள். அந்த ஐந்து வாக்கியங்கள்தான் ஆய்வேடு. நாளொன்றுக்கு ஒரு தாள் எழுதினால் பொங்கலுக்குள் ஓர் இயல் கையில் இருக்கும்.

தாழ்வாரம் எழுதியது:

மேலே சொன்னவரோடு உடன்படுகிறேன். நெறியாளரைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். நான் வேலைக்குப் போய்க்கொண்டே, இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு முடித்தவள். குழந்தை தூங்கிய பிறகு கிடைக்கும் முக்கால் மணி நேரம்தான் என் ஆய்வு நேரம். நானும் உங்களைப் போலவே ஒளிந்து திரிந்தேன். ஒரு நாள் நூலக வாசலில் எதிரே வந்த என் நெறியாளர் ஐயா, “எழுதாததைக் கொண்டு வாம்மா, எழுதியதை நீயே திருத்திக்கொள்வாய்” என்றார். அதன்பின் பதினைந்து நாளுக்கு ஒரு முறை இரண்டு பக்கமும், முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கேள்வியும் எடுத்துக்கொண்டு போவேன். பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். ஆனால் அடுத்த பதினைந்து நாளுக்கு என்ன வேலை என்பது தெரிந்திருக்கும்.

தட்டச்சை இப்போதே யூனிகோடில் நீங்களே செய்யுங்கள். கடைசி வாரத்தில் தட்டச்சுக் கடையில் கொடுத்தேன். அவர்கள் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததைத் துறைக் கணினியில் திறந்தபோது அடிக்குறிப்பு முழுவதும் ஆங்கிலக் குறிகளாக நின்றது. இரண்டு இரவுகள் போயின.

மூன்றாம் திருப்பு எழுதியது:

நாளொன்றுக்கு ஒரு கல்வெட்டு என்ற கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. நானும் அந்த வேகத்தில் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கோப்பரகேசரி என்று கண்ட கல்வெட்டுகளையெல்லாம் பராந்தகன் கணக்கில் சேர்த்து, அவன் ஆட்சி தொடங்கிய 907உடன் ஆட்சியாண்டைக் கூட்டி, அழகான அட்டவணை ஒன்று போட்டிருந்தேன். பரகேசரி, இராசகேசரி என்பவை சோழர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்ட பட்டங்கள். விசயாலயனும் பரகேசரிதான், உத்தம சோழனும் பரகேசரிதான். ‘மதிரை கொண்ட’ (மதுரையை வென்ற) என்ற அடைமொழி இருந்தால் பராந்தகன் என்று துணியலாம். இல்லாதபோது எழுத்தமைதி (எழுத்துகளின் வடிவம்), வரும் பெயர்கள், பிற சான்றுகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நெறியாளர் ஒரே ஒரு வரியைச் சுட்டிக்காட்டினார், அட்டவணையில் பாதி சரிந்தது.

ஆகவே சில கல்வெட்டுகளுக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். காலம் உறுதியாகாதவற்றைத் தனிக் கட்டாக வைத்துவிட்டு, உறுதியானவற்றை முதலில் எழுதுங்கள். ஒரு முறை ஊருக்கும் போய்வாருங்கள். ஏரிக்கரையில் நின்று மதகையும் நீர் பாயும் திசையையும் பார்த்தபின் கல்வெட்டில் வரும் எல்லைகள் வேறு மாதிரிப் புரியும்.

ஏரிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. முன்னுரைக் கோப்பை வேறிடத்துக்கு மாற்றிவிட்டேன். நேற்று இரவு டியூஷன் முடிந்து வந்து முதல் தாளை எழுதினேன். ஐந்து வாக்கியம் என்று உட்கார்ந்தது ஒன்றரைப் பக்கம் ஆனது. என் குறிப்பேட்டைப் புரட்டினால், ‘மதிரை கொண்ட’ இல்லாத நான்கு கல்வெட்டுகளை நானும் பராந்தகன் பெயரில் எழுதி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை ஐயாவைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன், கொண்டுபோகும் கேள்வி அந்த நான்கைப் பற்றியதுதான்.