தங்கைக்கு டி.ஐ.டி.: வீட்டில் அன்றாடத்தை எப்படி நடத்துவது?

பொன்னிக்கரை எழுதியது:

வணக்கம். என் தங்கைக்கு வயது 29. அவளுக்கு இருப்பது டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர், அதாவது டி.ஐ.டி. (ஒருவருக்குள் வெவ்வேறு ஆளுமைகள் மாறி மாறி வெளிப்பட்டு, இடையில் நினைவு அறுபடும் நோய்) என்று எட்டு மாதங்களுக்கு முன்புதான் மருத்துவர் உறுதிசெய்தார். அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் மனச்சோர்வு என்றும் வலிப்பு என்றும் வெறும் நடிப்பு என்றும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனையை மூன்று முறை எடுத்தும் வலிப்புக்கான தடயம் தென்படவில்லை. இப்போது வாரம் ஒரு மணி நேரம் உளவியல் ஆலோசனைக்குச் சென்று வருகிறாள். அதைப் பற்றி எனக்குக் குழப்பம் இல்லை. மீதமிருக்கும் 167 மணி நேரத்தைப் பற்றித்தான் கேட்கிறேன்.

வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறாள், நன்றாகவே பார்க்கிறாள். ஆனால் அடுப்பில் பால் வைத்தது யார் என்று வைத்தவளே என்னிடம் கேட்கிறாள். கூரியரில் வரும் பொருளைத் தான் வாங்கவே இல்லை என்கிறாள். பணமோ அவள் கணக்கிலிருந்துதான் போயிருக்கிறது. சில மாலைகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளையின் குரலில், "நீங்க யாரு?" என்று என்னையே கேட்கிறாள். அப்போது பெயர் சொல்லி அதட்டி அவளை மீட்க வேண்டுமா, அந்தக் குழந்தையோடு பேச வேண்டுமா என்று புரியாமல் நிற்கிறேன். இது காற்றுக் கருப்பா, சாமி வருவதா என்ற கேள்வியிலிருந்து அம்மா இன்னும் வெளியே வரவில்லை. ஒரு கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைக்கலாம் என்கிறார்.

நொய்யல் எழுதியது:

அக்கா, இதே நோயோடு நான் 11 ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். 2005இல் வெளிவந்த 'அந்நியன்', 'சந்திரமுகி' ஆகிய இரண்டு தமிழ்ப் படங்களின் புண்ணியத்தில், பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் அரை அடி பின்வாங்குகிறார் என்பதால் நான் அலுவலகத்தில் எவரிடமும் சொன்னதில்லை. எவருக்கும் தெரியவும் இல்லை. ஒரு ஆளுமை போய் மற்றொன்று வரும் மாறுதல் பெரும்பாலும் ஆரவாரமின்றியே நடந்துவிடும். எங்களை வாட்டுவது காணாமற்போகும் நேரம்தான். உக்கடத்தில் பேருந்து ஏறியது நினைவிருக்கும். காந்திபுரத்தில் கையில் ஏதோ ஒரு பையோடு நின்றுகொண்டிருப்பேன். இடையில் நடந்தது ஒன்றும் இருக்காது. வேறு சில நாட்களில் நினைவு முழுவதும் அழியாது. என் வண்டியின் பின் இருக்கையில் நான் உட்கார்ந்திருக்க, வேறு யாரோ ஓட்டிச் செல்வதைப் பார்ப்பது போல இருக்கும்.

சமையலறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். செய்ததை நேரம் குறித்து எழுதிவிட வேண்டும் என்பதே ஒரே விதி. "மஞ்சள் பை பீரோவில் இருக்கிறது" என்று என் கையெழுத்தாகத் தோன்றாத கையெழுத்தில் இருந்தாலும், அதை நம்பிப் போய்ப் பார்த்தால் பை இருக்கும். மாத்திரை விஷயத்தில் மட்டும் நோட்டை நம்புவதில்லை. ஒரே வேளை மாத்திரையை இருமுறை விழுங்கிவிடுவது நிஜமான ஆபத்து என்பதால், அட்டையின் பின்புறத்தில் ஒவ்வொரு மாத்திரைக்கு நேராகவும் தேதியை எழுதி வைக்கிறேன். கேஸ் அடுப்பை விட்டு, தானாக அணையும் இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறிவிட்டேன். கைப்பேசியில் இணைத்த வங்கிக் கணக்கில் வாரத்துக்கு 1,500 ரூபாய்க்கு மேல் வைப்பதில்லை.

அந்தக் குழந்தையை அதட்டாதீர்கள் அக்கா. அதட்டலுக்கு நடுவில்தான் அது உண்டாகியிருக்கும். "நான் உன் அக்கா, இது நம் வீடு, இன்று இன்ன தேதி, கதவு திறந்துதான் இருக்கிறது" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். ஈரத்துணியைக் கையில் கொடுப்பது, காப்பிப்பொடி டப்பாவை முகரச் சொல்வது போன்றவை என்னைத் திரும்ப அழைத்து வரும். ஆனால் எந்த மணம் என்பதை அவளிடமே கேட்டுவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட தைலத்தின் வாடை வந்தால் அன்றைய மாலை எனக்குப் போயிற்று. ஏன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

மருதநிழல் எழுதியது:

நான் உளவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். குழந்தையாக வெளிப்படும் பகுதி தானாக வந்தால் அன்பாகப் பேசலாம்; வலிந்து அழைக்கவோ, அதற்குப் புதுப் பெயர் சூட்டவோ, உள்ளே எத்தனை பேர் என்று விசாரிக்கவோ வேண்டாம். அத்தனை பகுதிகளும் சேர்ந்த ஒரே மனுஷிதான் உங்கள் தங்கை. ஆகவே கூரியர் பொருளுக்கான பொறுப்பும் அவருடையதே. திட்டாமல், ஆனால் தள்ளுபடியும் செய்யாமல், அப்படியே அவரிடம் ஒப்படையுங்கள். சிறுவயதில் என்ன நடந்தது என்று வீட்டில் தோண்டாதீர்கள். அந்த வேலைக்கு முன்பாக, பாதுகாப்பையும் அன்றாடத்தையும் உறுதிப்படுத்தும் 'நிலைப்படுத்தல்' என்ற நீண்ட கட்டம் ஒன்று சிகிச்சையில் உண்டு.

'நான்' என்ற உணர்வு பிறவியிலேயே முழுமையாக வந்துவிடுவதில்லை. பசி, பயம், கொஞ்சல் என்று தனித்தனியாகக் கிடப்பவை வளர வளர ஒன்றாகத் தைக்கப்படுகின்றன. அந்தத் தையல் முடியுமுன், தப்பிக்க வழியில்லாத கொடுமை மீண்டும் மீண்டும் நேர்ந்தால் துண்டுகள் துண்டுகளாகவே நின்றுவிடுகின்றன என்பது பரவலான விளக்கம். இதை மறுத்து, சிகிச்சையாளரின் தூண்டுதலுக்கும் ஊடகங்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு என்று வாதிடும் துறையினரும் இருக்கிறார்கள்; பெயர் சூட்டாதீர்கள் என்று நான் எச்சரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980இல் 'பல ஆளுமை' என்று இருந்த பெயர், 1994இல் இன்றைய பெயராக மாறியது. இது மனச்சிதைவு நோயும் அன்று. இதற்கென்றே தனி மருந்து கிடையாது. தருபவை சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உறக்கத்துக்குமானவை.

உங்கள் அம்மாவின் கேள்வியை நான் எள்ளி நகையாட மாட்டேன். வேறொன்று புகுந்தது போன்ற அனுபவத்தை இந்நோயின் வடிவங்களுள் ஒன்றாக 2013ஆம் ஆண்டுக் கையேடே ஏற்கிறது. ஊரார் ஏற்கும் சமய வழக்கத்தை நோய்க் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. கோயில் கொடையில் சாமியாடுபவர் உரிய இடத்தில் ஆடி, விபூதி பூசியதும் வீடு திரும்பி அன்றாட வேலையைப் பார்ப்பார். உங்கள் தங்கைக்கு வருவதோ அவர் வேண்டாதது, வேலையையும் அடுப்பையும் குலைப்பது. கோயிலுக்குத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள். மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை விதித்திருக்கிறது. இந்நோயில் தற்கொலை முயற்சிகள் மிக அதிகம் என்பதால், இரவு எந்நேரமானாலும் அழைக்கக்கூடிய 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

வைகைக்காரன் எழுதியது:

நோட்டைப் பற்றி எனக்கு ஒரு மறுப்பு உண்டு. என் மனைவிக்கும் இதே நோய்தான். அக்கறை என்ற பெயரில் அவர் நோட்டை நான் படித்துவிட்டேன். அதை அறிந்த அவர் இரண்டு மாதங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பணத்துக்கு வரம்பு வைப்பதும் அவர் முடிவாக இருந்தால்தான் நிற்கும். நாம் வைத்தால் அது காவல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய ஒரு பகுதி என்னோடு சிரித்துப் பேசும். மற்றொன்றுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. சிரிப்பது எப்போது வரும் என்று நான் காத்திருந்ததை அவர் கண்டுபிடித்துவிட்டார். "என்னில் பாதியைத்தான் கட்டிக்கொண்டீர்களா?" என்று கேட்டார். இன்றுவரை அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை.

பொன்னிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் தங்கையிடமே படித்துக் காட்டினேன். அவளும் ஒரு நோட்டு போட்டு, அதைத் தன் அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டாள்; அடுப்பு, மாத்திரை, கூரியர் ஆகியவற்றுக்கு மட்டும் சமையலறையில் ஒரு சிலேட்டு தொங்குகிறது. பண வரம்பை 1,000 ரூபாய் என்று அவளே வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மூவரும் கோயிலுக்குப் போய் மாலைப் பேருந்திலேயே திரும்புவது என்று அம்மாவோடு உடன்பாடாகியிருக்கிறது. மணத்துக்குப் பெருங்காயத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். டப்பா எப்போதும் அவள் மேசையிலேயே இருப்பதால் சாம்பாருக்கு இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று என்பதுதான் அம்மாவின் இப்போதைய குறை.