‘கதி’யா, ‘இறுதிநிலை’யா? பழைய விமானப் பட்டியலின் கடைசிக் கட்டத்துக்கு ஒரு சொல்

சென்னையிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

போன மாதம் புரொப்பெல்லருக்கு ‘உந்துசுழலி’ என்ற சொல்லுக்காக அடித்துக்கொண்ட களைப்பு எல்லாருக்கும் தீர்ந்திருக்கும் என்று நம்பி அடுத்ததைக் கொண்டுவருகிறேன்.

பழைய உந்துசுழலிப் பயணிகள் விமானங்களின் வரலாற்றைத் துருவுகிறவர்கள் எல்லாரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். ஒரு ரகத்தில் எத்தனை விமானம் செய்தார்களோ அத்தனை வரி. ஒவ்வொரு வரியிலும் தொழிற்சாலையில் கொடுத்த எண், அடுத்தடுத்து வாங்கிய பதிவெண்கள், யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற விவரம். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ஆங்கிலத்தில் ‘ஃபேட்’ (fate), அதாவது அந்த விமானம் கடைசியில் என்ன ஆனது என்பது. அதைத்தான் தமிழில் கேட்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது போயிங் 307 ஸ்ட்ராட்டோலைனர். காரணம் சோம்பல். டிசி-3 குடும்பம் என்றால் பத்தாயிரத்துக்கு மேல் போகும். இது மொத்தமே பத்து. பி-17 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையையும் வாலையும் எடுத்து, நடுவில் ஒரு கொழுத்த உடம்பைச் செருகினார்கள். 1938 டிசம்பர் 31 அன்று முதலில் பறந்தது. பயணிகள் அறைக்குள் காற்றழுத்தம் ஏற்றிச் சேவைக்கு வந்த முதல் விமானம் இதுதான். மேகத்துக்குள் புகுந்து குலுங்காமல் கொஞ்சம் மேலே ஏறிப் போகலாம். 33 பேர் உட்காரலாம்.

பத்துதானே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடைசிக் கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். முதல் விமானம் 1939 மார்ச் 18 அன்று சோதனைப் பறப்பில் வாஷிங்டன் மாநிலத்தில் ஆல்டர் என்ற ஊருக்குப் பக்கத்தில் விழுந்தது. வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்த நெதர்லாந்து விமான நிறுவனம் கேஎல்எம்மின் ஆட்கள் உட்பட பத்துப் பேரும் போய்விட்டார்கள். சரி, அந்த வரிக்குச் சொல் தேட வேண்டியதில்லை.

அடுத்து அமெரிக்கக் கோடீசுவரர் ஹோவர்ட் ஹியூஸ் வாங்கியது. உலகம் சுற்றிச் சாதனை படைக்க வாங்கினார். 1939-இல் ஐரோப்பாவில் போர் வந்து அந்தத் திட்டம் கவிழ்ந்தது. பிறகு உள்ளே மாளிகை மாதிரி அலங்காரம் செய்து ஓர் எண்ணெய் முதலாளிக்கு விற்றார். 1964-இல் ஃபுளோரிடாவில் கிளியோ புயல் அதைப் பதம் பார்த்தது. 1969-இல் ஒருவர் அதை 62 டாலருக்கு வாங்கினார். ஆமாம், அறுபத்திரண்டுதான். இறக்கைகளையும் வாலையும் அறுத்தெடுத்துவிட்டு, உடம்பை மட்டும் ஒரு படகின் மேல் உட்காரவைத்தார். பல வருடம் அது ஃபுளோரிடாக் கால்வாய்களில் ‘காஸ்மிக் மஃபின்’ என்ற பெயரில் வீட்டுப் படகாக மிதந்தது. மூக்கும் விமானி அறைக் கண்ணாடிகளும் அப்படியே. கீழே மட்டும் தண்ணீர். இதற்கு என்ன எழுதுவது? ‘விபத்து’ இல்லை, ‘உடைப்பு’ இல்லை, ‘பாதுகாப்பு’ம் இல்லை.

இதுவரை என் கையில் இருப்பவை: விதி, ஊழ், முடிவு, இறுதிநிலை, கதி. என் ஓட்டு ‘கதி’க்கு. ‘அந்த விமானத்தின் கதி என்ன ஆச்சு?’ என்றுதான் நாம் எல்லாரும் கேட்போம். ‘அதன் இறுதிநிலை யாது?’ என்று எந்த டீக்கடையிலும் நான் கேட்டதில்லை.

தஞ்சாவூரிலிருந்து:

தம்பிக்கு, டீக்கடையைக் கலைச்சொல்லுக்கு நீதிமன்றமாக்க வேண்டாம். அங்கே ‘பிளேன்’ என்றுதான் சொல்கிறார்கள், அதையே வைத்துக்கொள்ளலாமே.

விதியும் ஊழும் ஒத்துவரா என்பதில் உங்களோடு உடன்பாடு. அவை முன்பே எழுதப்பட்டவை. பட்டியலில் இருப்பதோ நடந்து முடிந்த பிறகு எழுதுவது. எரிபொருள் போட மறந்தவனை ஊழ் என்று சொல்லித் தப்பவிடக் கூடாது.

‘கதி’யில் எனக்கு இரண்டு தடை. ஒன்று, அது வடசொல். இரண்டாவது அதைவிடப் பெரியது: மக்கள் வாயில் கதி என்றாலே கெட்ட கதிதான். அதோகதி, கதி கலங்கியது, கதியற்றவன். அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கும் விமானத்துக்கு நேராகக் ‘கதி’ என்று எழுதினால் படிப்பவன் துக்கம் விசாரிக்க வந்துவிடுவான். ‘இறுதிநிலை’யில் உணர்ச்சி கிடையாது. பட்டியலுக்கு அதுதான் நல்லது. உணர்ச்சி வேண்டாம், சுருக்கம் வேண்டும் என்றால் ‘போக்கு’. தமிழ்ச்சொல், இரண்டெழுத்துக்கு ஓர் எழுத்துத்தான் கூடுதல்.

நாமக்கல்லிலிருந்து:

வணக்கம். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘போக்கு’ என்றால் எனக்கு ‘போக்குவரத்து’தான் ஞாபகம் வருகிறது, அப்புறம் ‘அவன் போக்கே சரியில்லை’.

எங்கள் குடும்பம் லாரித் தொழில். இந்த மடலைப் படித்தபோது, ‘அடடா, இது நம்ம தொழில்தானே’ என்று தோன்றியது. லாரிக்கும் இரண்டு எண் உண்டு. பலகையில் இருப்பது வண்டி நம்பர். அடிச்சட்டத்தில் குத்தியிருப்பது சேசிஸ் நம்பர். தடையில்லாச் சான்று வாங்கி வண்டி கர்நாடகா போனால் வண்டி நம்பர் மாறிவிடும், சேசிஸ் நம்பர் மாறாது. விமானமும் நாடு மாறினால் பதிவெண் மாறும், தொழிற்சாலை எண் மாறாது. பழைய வண்டியைத் தேடுகிறவன் சேசிஸ் நம்பரைத்தான் பிடித்துக்கொண்டு போவான். அதனால் முதல் கட்டத்துக்கு ‘பிறவி எண்’ என்று வையுங்கள். சும்மா ஒரு யோசனை.

எங்கள் மாமாவிடம் ஒரு பழைய லாரி இருந்தது. அதை விற்றுப் பதினைந்து வருடம் கழித்து ஒரு பட்டறையில் பார்த்தோம். முன்புறம் வேறு, பாடி வேறு, பெயிண்ட் வேறு, தண்ணி டேங்கராக மாற்றியிருந்தார்கள். மாமா குனிந்து, அடிச்சட்டத்தில் கிரீஸைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, எண்ணை வாய்விட்டுப் படித்தார். அப்புறம் நிமிர்ந்து, ‘நம்ம வண்டிதான்டா’ என்றார். இதில் ‘இறுதி’ எங்கே இருக்கிறது? அந்த வண்டி மறுநாள் காலையில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போயிருக்கும்.

கட்டத்துக்குள் போடும் சொற்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் முழுசாக நிற்கிறது என்றால் ‘நிறுத்திவைக்கப்பட்டது’. இனி இது தேறாது என்று அலுவலகத்தில் எழுதி முடித்துவிட்டால் ‘கழிவு செய்யப்பட்டது’. காவல்துறை ஜீப் ஏல அறிவிப்பில் தினமும் பார்க்கும் சொல்தான், புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. வெட்டி எடைக்குப் போட்டால் ‘உடைக்கப்பட்டது’. கழிவு செய்ததெல்லாம் உடைபடாது. கழிவு செய்த வண்டியை ஏலத்தில் எடுத்து ஓட்டுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். நான் வழமையாக வாசிப்பதோடு சரி. விமானக் கதை என்றபடியால் எழுதுகிறேன்.

இலங்கையின் விமான நிறுவனமான எயார் சிலோனின் முதல் பறப்பு 1947 டிசம்பர் 10 அன்று கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குப் போனது. டிசி-3, பெயர் சீதாதேவி. எங்கள் வீட்டில் பெரியவர்கள் டக்கோட்டா என்றுதான் சொல்லுவார்கள். யாழ்ப்பாணத்தில் ஏறி மதராசில் இறங்கலாம் என்பது அவர்களுக்கு அவ்வளவு சாதாரணமான விசயம்.

உங்கள் பட்டியலுக்கு நான் ஒரு கேள்வி வைக்கிறேன். எயார் சிலோனிடம் ஒரு அவ்ரோ 748 இருந்தது, பதிவெண் 4ஆர்-ஏசிஜே. 1978 செப்டம்பர் 7 அன்று யாழ்ப்பாணத்தில் இருந்து இரத்மலானைக்குப் போய்ச் சேர்ந்து, பயணிகள் இறங்கின பிறகு, தரையில் நின்ற நிலையிலேயே குண்டு வெடித்து எரிந்தது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். இதை ‘விபத்து’ என்ற கட்டத்துக்குள் போடுவீர்களா? ஏர் இந்தியாவின் ‘காஷ்மீர் பிரின்செஸ்’ என்ற விமானமும் அப்படித்தான். 1955 ஏப்ரல் 11 அன்று ஹொங்கொங்கில் இருந்து ஜகார்த்தாவுக்குப் போகும் வழியில் நேரக்குண்டு வெடித்து நத்துனாத் தீவுகளுக்குப் பக்கத்துக் கடலில் விழுந்தது. ஆசிய-ஆப்பிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாட்டுக்குப் போனவர்கள் அதற்குள் இருந்தார்கள். 16 பேர் இறந்து 3 பேர் மிஞ்சினார்கள். ஆங்கிலப் பட்டியல்கள் இதையும் தரையில் எரிந்த அவ்ரோவையும் பனிமலையில் மோதியதையும் ஒரே சுருக்கெழுத்தில் அடக்கிவிடும். காப்புறுதிக்காரனுக்கு அது போதும். தமிழில் எழுதும்போது நாங்கள் அந்தச் சோம்பலைக் கடன் வாங்க வேண்டாம். ‘குண்டுவெடிப்பில் எரிந்தது’, ‘மலையில் மோதியது’ என்று வினையாகவே எழுதலாம். எவ்வளவு இடம் பிடிக்கப் போகிறது?

தலைப்புக்கு, கதி நல்லது. இங்கேயும் விளங்கும்.

தஞ்சாவூரிலிருந்து:

லாரி மாமாவின் கட்டைவிரல் என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ராத்திரி படுத்தபிறகும் இதே யோசனை. எனக்கு எதிராக நானே ஒன்று சொல்கிறேன், பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது மேல்.

கதி என்ற சொல்லுக்கு முதற்பொருள் செல்லுதல், நடை. குதிரையின் நடைக்கும் கதி. தாளத்தில் திஸ்ர கதி, கண்ட கதி என்கிறோம். இன்னொன்று, சமணர்களின் நாற்கதி: தேவர், மக்கள், விலங்கு, நரகர். உயிர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே கதி என்பது முடிவன்று, அடுத்த பிறப்பு. விமானம் படகாகப் பிறந்ததற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் தேடிக்கொடுத்தாலும் தமிழில் கிடைக்காது. நற்கதி என்ற சொல்லும் இருக்கிறது என்பதால் என் இரண்டாம் தடையும் பாதி போயிற்று.

வடசொல் என்ற தடை அப்படியே நிற்கிறது. தோற்றேன் என்று எழுத மாட்டேன்.

சென்னையிலிருந்து:

ஐயா, தோற்கவில்லை, நீங்கள்தான் வெல்லவைத்தீர்கள். நாற்கதி எனக்குத் தெரியாது. சும்மா டீக்கடையைத்தான் நம்பியிருந்தேன்.

‘இறுதிநிலை’யை நான் ஏன் விட்டேன் என்பதற்கு இந்தப் பத்து விமானங்களிலேயே சாட்சி இருக்கிறது. பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் ‘கிளிப்பர் ஃபிளையிங் கிளவுட்’. கரீபியன் பக்கம் பயணிகளை ஏற்றிப் பறந்தது, போருக்குப் பின் கைமாறி, ஒரு கட்டத்தில் ஹைட்டி அதிபர் துவாலியேவின் விமானமானது. பிறகு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது. சியாட்டிலில் போயிங் தொண்டர்கள் பல வருடம் உட்கார்ந்து அதைப் புதுசு மாதிரி ஆக்கினார்கள். 2002 மார்ச் 28 அன்று, அப்படிப் புதுசாக்கிய பிறகு பறக்கும்போது எரிபொருள் தீர்ந்து நான்கு எஞ்சினும் நின்றுபோக, சியாட்டில் கரையோரம் எலியட் விரிகுடாவில் இறக்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். விமானம் உப்புத் தண்ணீரில் மூக்கு அமிழ்ந்து கிடந்தது. (எரிபொருள் போட மறந்தவனைத் தப்பவிடக் கூடாது என்று ஐயா எழுதியபோது இதை மனத்தில் வைத்துத்தான் எழுதினாரோ என்று எனக்குச் சந்தேகம்.) அன்று சாயங்காலம் யாராவது பட்டியலைத் திருத்தியிருந்தால் இறுதிநிலை: கடலில் மூழ்கியது. அடுத்த வருடமே தண்ணீரை வடித்து, உப்பைக் கழுவி, திரும்பச் செப்பனிட்டு, தலைநகர் வாஷிங்டன் பக்கத்திலுள்ள ஸ்மித்சோனியனின் உட்வார்-ஹேஸி மையத்துக்குப் பறந்தே போய்ச் சேர்ந்தது. அதன் தொழிற்சாலை எண் 2003. போய் நின்ற ஆண்டும் 2003. இதற்கு ஒரு பொருளும் இல்லை, ஆனால் பட்டியல் போடுகிறவனுக்கு இந்த மாதிரி அற்பச் சந்தோஷங்கள்தான் கூலி.

முழுசாக மிஞ்சியது அது ஒன்றுதான். மஃபினின் உடம்பு இப்போது படகிலிருந்து இறங்கி ஃபுளோரிடாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஆக அதற்கும் இன்னொரு கதி.

நாமக்கல் நண்பரின் ‘கழிவு செய்யப்பட்டது’, ‘உடைக்கப்பட்டது’, ‘நிறுத்திவைக்கப்பட்டது’ மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ‘பிறவி எண்’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் நாற்கதியோடு சேர்த்தால் பட்டியல் ஜாதகம் மாதிரி ஆகிவிடும். ‘கட்டெண்’ என்று வைக்கிறேன். விமானம் கட்டினார்கள், கட்டும்போது கொடுத்த எண். யாழ்ப்பாணத்து அண்ணா சொன்னபடி விழுந்தது, மோதியது, எரிந்தது எல்லாம் வினைமுற்றாகவே வரும்.

அண்ணாவிடம் ஒரு வரிக்கு மட்டும் உதவி கேட்கிறேன். டிடபிள்யூஏ என்ற அமெரிக்க விமான நிறுவனம் வாங்கிய ஐந்து ஸ்ட்ராட்டோலைனர்களையும் போரின்போது ராணுவம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தது. 1951-இல் அவை ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்குப் போய், கடைசியில் இந்தோசீனாவில் ஓடின. அதில் ஒன்றின் பதிவெண் எஃப்-பிஇஎல்வி. 1954 ஜெனீவா உடன்பாட்டின்படி அமைந்த சர்வதேசக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்காகப் பறந்துகொண்டிருந்தது. இந்தியா தலைமை வகித்த ஆணையம் அது. கனடாவும் போலந்தும் கூட இருந்தன. 1965 அக்டோபர் 18 அன்று 13 பேரோடு லாவோஸ் தலைநகர் வியன்டியானிலிருந்து ஹனோய்க்குக் கிளம்பியது. போய்ச் சேரவில்லை. ஒரு துண்டும் கிடைக்கவில்லை. ‘காணாமல் போனது’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

தம்பி, இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் இங்கே அந்தச் சொல்லை இப்போது யாரும் சும்மா வாசிக்க மாட்டார்கள். போரில் காணாமல் போன பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவோரம் இருக்கிற தாய்மார்தான் கண்ணுக்குள் வருவார்கள். 13 பேருடைய வீட்டிலும் அப்படித்தானே காத்திருந்திருப்பார்கள். நான் என்றால் உங்கள் தலைப்பையே அந்தக் கட்டத்துக்குள்ளும் எடுத்துப் போடுவேன்: ‘ஹனோய்க்குக் கிளம்பியது, கதி தெரியவில்லை.’

சென்னையிலிருந்து:

மாற்றிவிட்டேன். திருத்திய பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.