வேலப்பாடி வீடு (குடும்பக் குழு): அகழியில் கிடந்தது யார்?

வியாழன், காலை 6:41

குடியாத்தம் சித்தி: *அவசரம்* வேலூர் கோட்டை அகழியில் முகமூடி போட்ட ஆளின் பிணம். குழந்தைகளை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டாம். எல்லா குரூப்புக்கும் அனுப்பவும் 🙏🙏
[படம்]

மூர்த்தி மாமா: எப்போது?

மூர்த்தி மாமா: நேற்று சாயங்காலம் கூட அந்த வழியாகத்தானே வந்தேன்

ஆற்காடு அத்தை: முருகா

பெரியப்பா: யார் அனுப்பியது இது?

குடியாத்தம் சித்தி: எங்கள் தெரு குரூப்பில் வந்தது மாமா

ராஜி அக்கா: சித்தி, படத்தைப் பெரிசாக்கிப் பாருங்க. அது வரைந்த படம். மூலையில் "கா" என்று இருக்கிறது

ராஜி அக்கா: @கார்த்தி எழுந்திரு

கார்த்தி: ஐயோ. அது என்னுடைய முதல் பக்கம். ராத்திரி ஸ்டேட்டஸில் வைத்தேன்

அம்மா: முதலில் அதை எடு

கார்த்தி: எடுத்துவிட்டேன் அம்மா. எல்லோரும் மன்னிக்கணும், யாரும் சாகவில்லை. நானும் இரண்டு நண்பர்களும் ஒரு காமிக்ஸ் போடுகிறோம். 24 பக்கம், கறுப்பு வெள்ளை. சூப்பர் ஹீரோ கதைதான், ஆனால் முதல் பக்கத்திலேயே ஹீரோ செத்துக் கிடக்கிறான். யார் கொன்றது என்பதுதான் கதை. இந்த வகைக்கு நுவார் என்று பெயர். பிரெஞ்சில் கறுப்பு என்று அர்த்தம்.

குடியாத்தம் சித்தி: நவார் கட்டிலா

ஆற்காடு அத்தை: ஹீரோவே போய்விட்டால் மீதி 23 பக்கத்தில் என்னடா இருக்கும்

கார்த்தி: அத்தை, அங்கேதான் கதையே இருக்கிறது. 1986-ல் அமெரிக்காவில் வாட்ச்மென் என்று ஒரு தொடர் வர ஆரம்பித்தது, மொத்தம் 12 இதழ். ஒரு பழைய முகமூடிக்காரனை மாடி ஜன்னலிலிருந்து தள்ளிக் கொன்றதில்தான் அது தொடங்கும். அதற்கும் முன்னால், 1939-ல் பேட்மேன் முதன்முதலாக வந்த கதையே ஒரு கொலை வழக்குதான். கெமிக்கல் கம்பெனி கூட்டாளிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சூப்பர் ஹீரோவும் துப்பறியும் கதையும் ஆரம்பத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவை.

பெரியப்பா: வாட்ச்மேனை எதற்குத் தள்ளினார்கள்

ராஜி அக்கா: 😂😂

மூர்த்தி மாமா: கெமிக்கல் கம்பெனி என்றால் நம்ம ராணிப்பேட்டையிலேயே எடுக்கலாம்

ஆற்காடு அத்தை: உன் ஹீரோ பெயர் என்ன

கார்த்தி: கத்திரி

குடியாத்தம் சித்தி: கத்திரிக்காயா

ஆற்காடு அத்தை: நல்லவேளை ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் யார் வாங்குவது? சமையல்காரர் 8 கிலோ கேட்டார்

மூர்த்தி மாமா: அணைக்கட்டு பக்கம் போனால் பார்க்கிறேன்

ராஜி அக்கா: மாமா, "போனால்" வேண்டாம். போங்க

கார்த்தி: கத்திரி வெயில் அத்தை. அக்னி நட்சத்திரம். வெயில் இருக்கும்வரை அவனை யாராலும் தொட முடியாது. பொழுது இறங்கினால் நம்மைப் போல சாதாரண ஆள். அந்த ரகசியம் அவன் வீட்டில் நான்கு பேருக்குத்தான் தெரியும். அவனைக் கொன்றதோ ராத்திரியில்.

பெரியப்பா: அப்போது வீட்டு ஆள்தான்

கார்த்தி: ஆமாம் பெரியப்பா

அம்மா: எதற்கடா இப்படியெல்லாம் யோசிக்கிறாய்

கார்த்தி: அம்மா, நுவார் படம் எதைப் பார்த்தாலும் மழை, ஈரத் தெரு, ராத்திரி. ஆறு மாதம் நானும் அதையே வரைந்து பார்த்தேன். நம்ம ஊர் மாதிரியே இல்லை. ஒருநாள் மதியம் கோட்டை வாசலில் நின்றேன். கருங்கல் சுவரில் வெயில் அடித்துக் கண்ணே திறக்க முடியவில்லை. அந்த வளைவுக்குக் கீழே இருந்த நிழல் மட்டும் தார் ஊற்றிய மாதிரி கறுப்பு. உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார், பீடி நெருப்பு அசைந்த பிறகுதான் தெரிந்தது. வெயில் எவ்வளவு அதிகமோ நிழல் அவ்வளவு கறுப்பு. எனக்கு மழை வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். வெயிலை நான் வரைவதே இல்லை, பேப்பரை வெறுமனே விட்டுவிடுகிறேன். நிழலுக்கு மட்டும் தூரிகையில் இந்தியன் இங்க்.

மூர்த்தி மாமா: 👌

கார்த்தி: "மரமில்லா மலை, தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோவில்" என்று நம்ம ஊரைச் சொல்வார்களே, அத்தியாயத் தலைப்புகள் அவைதான்.

குடியாத்தம் சித்தி: சாமி வந்தாகிவிட்டதே

பெரியப்பா: 1981-ல் வந்தது. ஜலகண்டேஸ்வரர் லிங்கம் சத்துவாச்சாரியில்தான் இருந்தது, அங்கிருந்து கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். தலைப்பை மாற்று

கார்த்தி: கதை 1980-ல் நடக்கிறது பெரியப்பா

பெரியப்பா: அப்போது சரி

பெரியப்பா: எங்களுக்கு இரும்புக்கை மாயாவிதான். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது முதல் புத்தகமே அதுதான். கரண்டைத் தொட்டால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். உன் அப்பா ஸ்விட்ச் போர்டில் விரல் வைக்கப் போய் தாத்தாவிடம் வாங்கிய அடி இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தேன்

பெரியப்பா: வைத்திருந்தேன்

ராஜி அக்கா: ஆரம்பித்தாயிற்று

பெரியம்மா: நான் பழைய பேப்பர்காரனிடம் போடவில்லை. 1991-லிருந்து சொல்கிறேன்

பெரியப்பா: தங்கச்சி கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது பரணை ஒழித்தது யார்?

பெரியம்மா: நான் ஒழித்தபோதே பெட்டி லேசாகத்தான் இருந்தது

அம்மா: காலையிலேயே வேண்டாமே

கார்த்தி: ஒரு உதவி வேண்டும். பிணம் கிடக்கும் பக்கத்தைத் திரும்ப வரையணும், நிழல் தப்பாக இருக்கிறது. உச்சி வெயிலில் யாராவது மொட்டை மாடியில் ஐந்து நிமிடம் குப்புறப் படுத்தால் போதும், போட்டோ எடுத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்கு அனுப்பணும்

அம்மா: பிணமாகவா? விசேஷ வீட்டிலா?

கார்த்தி: சனிக்கிழமை என்றால்?

குடியாத்தம் சித்தி: சனிக்கிழமை பிணமாகப் படுக்கவே கூடாது

மூர்த்தி மாமா: நான் படுக்கிறேன். பாய் போடு, தரை சுடும்

கார்த்தி: பாய் போட்டால் நிழல் மாறிவிடும் மாமா

மூர்த்தி மாமா: யோசித்துச் சொல்கிறேன்

ராஜி அக்கா: மாமா முதலில் கத்திரிக்காய்

காலை 8:17

ஆற்காடு அத்தை: அண்ணா

ஆற்காடு அத்தை: அண்ணி போடவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். புது ஊர், புது வீடு, பேச ஆள் இல்லை. துணிப்பெட்டிக்கு அடியில் புடவையைச் சுற்றி வைத்திருந்தேன். அவர் வேலைக்குப் போன பிறகு எடுத்துப் படிப்பேன். ஒன்பது இருக்கிறது, இரண்டுக்கு அட்டை இல்லை. மற்றதெல்லாம் செல்லரித்துவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்ல நினைப்பேன்

பெரியப்பா: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

பெரியம்மா: என்ன எழுதி அழித்தீர்கள்

பெரியப்பா: ஒன்றுமில்லை

பெரியம்மா: அதே வீட்டில்தான் இருக்கிறேன். கூடத்துக்கு வந்து வாயால் சொல்லுங்கள்

கார்த்தி: அத்தை, அந்த ஒன்பதையும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவீர்களா? தொடக்கூட மாட்டேன், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்

ஆற்காடு அத்தை: மக்கன் பேடா டப்பாவோடு எடுத்து வைக்கிறேன். தருவதா இல்லையா என்று வந்து சொல்கிறேன்

பெரியப்பா: நீயே வைத்துக்கொள்ளம்மா. மாயாவி முதல் புத்தகம் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்

ஆற்காடு அத்தை: அதுதான் அட்டை இல்லாதது

அம்மா: சித்தி காலையில் அனுப்பியதை யார் யாருக்கு அனுப்பினார்களோ, திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்

குடியாத்தம் சித்தி: எடுத்துவிட்டேன் அக்கா. நான்கு குரூப்தான்

மூர்த்தி மாமா: காட்பாடி குரூப்பில் இப்போதுதான் வந்தது. அகழியில் இரண்டு பிணமாம்