ஓட்டை விழுந்த டிசைன் புத்தகம்

பழைய தையல் புத்தகம் கிடைத்த கதைகளை எல்லோரும் எழுதுகிறீர்கள், என் பங்குக்கு இது. பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் ஓடாத கடிகாரங்களோடு சீன அங்கிள் ஒருவர் அட்டை போன எம்ப்ராய்டரி டிசைன் புத்தகம் ஒன்றைப் போட்டிருந்தார். பூக்கொடிப் பக்கங்களில் எல்லாம் பொடிப்பொடியாக ஓட்டை. பூச்சி அரித்தது என்று நினைத்து அவரே விலையைக் குறைத்தார். நான் வாங்கியதே அந்த ஓட்டைக்காகத்தான்!

கோட்டின்மேல் ஊசியால் வரிசையாகக் குத்தி, தாளைத் துணிமேல் வைத்து, கரித்தூள் கட்டிய சின்னத் துணி முடிச்சால் தட்டினால் டிசைன் புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கிவிடும், கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. 1520களில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஷோன்ஸ்பெர்கர் இந்த வகைப் புத்தகங்களை அச்சிட்ட காலத்திலும் இதே வேலைதான். குத்தியும் கிழித்தும் தீர்த்துவிட்டதால் அந்தக் காலத்துப் பிரதிகள் இன்று அபூர்வம். முழுசாகத் தப்பிய பிரதியைப் பார்த்தால், இதை வைத்து யாரும் தைக்கவே இல்லையோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

அப்புறம் கொலோன், வெனிஸ், பாரிஸ் நகரங்களிலும் இப்படிப் புத்தகங்கள் வந்தன. 1591-ல் வெனிஸில் ஓவியர் வெச்செல்லியோ போட்ட லேஸ் புத்தகத்தின் தலைப்பே உயர்குலப் பெண்களுக்கு மகுடம் என்கிற தோரணையில் இருக்கும். தைப்பது பெண்கள், வரைந்து பெயர் போட்டுக்கொண்டது பெரும்பாலும் ஆண்கள். ரோமில் இசபெல்லா பராசோலே மாதிரி சில பெண்களும் சொந்தப் பெயரில் போட்டிருக்கிறார்கள், ஆனால் அவர்களை யார் பேசுகிறார்கள்?

கட்டம் போட்ட சார்ட்டுக்குக் குத்தும் வேலை இல்லை, ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் என்று எண்ணித் தைத்தால் போதும். 19-ஆம் நூற்றாண்டில் பெர்லினில் கையால் வர்ணம் தீட்டி விற்ற கட்டத்தாள்கள் ஐரோப்பா முழுக்கப் போயின. அந்தப் பாணி ரோஜா நம் ஊருக்கும் வந்திருக்கிறது. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் தையல் படித்த என் பெரியம்மா தலையணை உறையில் போட்ட ரோஜாவை, ஆர்மீனியன் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் நியோன்யா (மலாய் வழக்கங்கள் கலந்த இங்கத்திய சீனக் குடும்பப் பெண்கள்) மணிச்செருப்பில் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஒரு கட்டத்துக்கு ஒரு மணி, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார் கடைக்கார அம்மா. பழைய சார்ட்டையும் எடுத்துக் காட்டினார், போட்டோ மட்டும் கூடாதாம். செருப்பின் விலையைக் கேட்டதும் நானும் கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.